‘சரிங்க சார்’ மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தமிழில் ‘கேள்’ என்னும் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. காதால் கேட்பதும் கேட்டல்தான்; வாயால் கேட்பதும் கேட்டல்தான். திருக்குறளில் 42ஆவது அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்றே பெயர். அங்கே பேசப்படுவது பெரியோர் சொல்வதைச் செவிமடுக்கும் கேள்வி. அந்தக் கேள்வியை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நன்றாகவே பழக்கிவிட்டார்கள். ஆனால் வாயால் கேட்கும் கேள்வியை நமக்குப் பழக்கியவர் யார்? அதுவும் தொழிலில், நாலு காசு கைமாறும் இடத்தில், எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர் யார்? ஒருவரும் இல்லை என்பதே என் அனுபவம். அந்த அனுபவத்தை நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கவே இந்தக் கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மயிலாப்பூரில் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் தாயார் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து, தியாகராய நகரில் உள்ள ஒரு கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். தை மாதம் முகூர்த்த நாட்கள் நெருங்கிய சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா அடுப்பருகில் இருந்ததால் நான் எடுத்தேன். “பதினைந்து ரவிக்கை. துணி கொடுத்தனுப்பறேன். போன தடவை மாதிரியே தைக்கச் சொல்லு. அடுத்த வெள்ளிக்குள்ள வேணும்” என்றார் அந்தப் பக்கம் பேசியவர். “சரிங்க சார்” என்றேன். பேச்சு முடிந்தது.

‘போன தடவை மாதிரி’ என்றால் எது? போன தடவை குட்டைக் கையும் தைத்தோம். முழங்கை வரை நீண்ட கையும் தைத்தோம். ‘அடுத்த வெள்ளி’ என்றால் எந்த வெள்ளி? மூன்று நாள் கழித்து வருவதா, பத்து நாள் கழித்து வருவதா? நான் பத்து நாள் என்று எடுத்துக்கொண்டேன். குட்டைக் கை என்று நானே முடிவு செய்து அம்மாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் ஆள் வந்து நின்றார். தைத்து முடிந்திருந்தவை ஆறு. அந்த ஆறும் குட்டைக் கை. அவர்களுக்கு வேண்டியது முழங்கைக் கை. வெட்டிய துணியை நீட்ட முடியுமா? மீதித் துணியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். கெட்டுப்போன ஆறு துணிக்கும் 1,200 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். என் பருவத் தேர்வுக் கட்டணத்துக்காக அம்மா எடுத்து வைத்திருந்த பணம் அதில் போயிற்று.

அம்மா திட்டவில்லை. “நீதான படிக்கிற, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

தவறு யாருடையது? தெளிவாகச் சொல்லாதது அவர் தவறு, அதில் ஐயமில்லை. ஆனால் தொலைபேசிக்கு இரண்டு முனை உண்டு. என் முனையில் இருந்தவன் ஏன் கேட்கவில்லை? நேர்மையாகச் சொல்கிறேன், பயம்தான். கேட்டால் அவர் எரிச்சல்படுவார், வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்னும் பயம் ஒன்று. ‘இதுகூடத் தெரியாதா?’ என்று நினைத்துவிடுவார் என்னும் வெட்கம் மற்றொன்று. தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்று வேலை வாங்கிய குடும்பங்களுக்குச் ‘சரிங்க சார்’ என்பது வாயில் ஊறிப்போன சொல். அதை நாம் பணிவு என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சொல்லுக்கு நாம்தான் விலை கொடுக்கிறோம். கேள்வி கேட்காததால் வரும் நஷ்டம் முதலாளியைவிடக் கூலிக்காரனைத்தான் முதலில் அடிக்கிறது.

இதற்கு மேல்நாட்டு நிர்வாக நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கடைக்காரரிடம் ஒரு பொருளை வாங்க வேண்டிக் கேட்பது கொளல் வினா. கடைவீதிக் கேள்விக்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்த மொழி நம்முடையது! இரண்டில் எது என்று தெளியக் கேட்பது ஐய வினா. ‘குட்டைக் கையா, முழங்கைக் கையா?’ என்ற ஓர் ஐய வினா அன்று என் வாயிலிருந்து வந்திருந்தால் 1,200 ரூபாய் தப்பியிருக்கும். பத்தாம் வகுப்பில் அந்த ஆறு வினாக்களையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். தேர்வுத் தாளோடு அது முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

நம் நகரிலேயே இன்னோர் இடம் காட்டுகிறேன். பனகல் பூங்காவிலிருந்து உஸ்மான் சாலைக்குள் நடந்து பாருங்கள். நகைக்கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “இன்னிக்குக் கிராம் என்ன விலை?” என்பதுதான். அது பலகையிலேயே எழுதியிருக்கிறது! பலகையில் எழுதாதவை வேறு. சேதாரம் எத்தனை சதவீதம்? செய்கூலி தனியா, அதிலேயே அடக்கமா? கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போட்டீர்களா? நாளை இதே நகையைத் திருப்பிக் கொடுத்தால் எதைக் கழிப்பீர்கள்? ஒரு சவரன், அதாவது எட்டு கிராம் சங்கிலிக்கு ஒரு கடையில் 8 சதவீதமும் மறு கடையில் 16 சதவீதமும் சேதாரம் என்று வைத்துக்கொள்வோம். கிராம் விலை இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் 0.64 கிராம் தங்கத்தின் விலை வித்தியாசப்படுகிறது. ஓர் ஏழைப் பெண்ணின் திருமணச் செலவில் அது சிறு தொகையா?

சட்டமும் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் கைகொடுக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை ஆறு எழுத்து–எண் கொண்ட தனி அடையாளக் குறியீட்டோடுதான் விற்க வேண்டும். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். அந்தக் குறியீட்டைப் பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் இட்டு நாமே சரிபார்க்கலாம். ஆனால் ‘நல்ல தங்கம்தானே?’ என்று கேட்டால் ‘நல்ல தங்கம்தாம்மா’ என்பதுதான் பதிலாக வரும். ‘குறியீடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேட்டால் நகையே பதில் சொல்லும். மொட்டைக் கேள்விக்கு மொட்டைப் பதில். துல்லியமான கேள்விக்குத் துல்லியமான பதில்.

படிக்காதவர்களுக்குத்தான் இந்தக் குறை என்று எண்ண வேண்டாம். 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் அழிந்தது. ஏன்? விண்கலத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் கணிப்பொறி நிரல், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. வாங்கிக்கொண்டவர்கள் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். ‘இந்த எண்ணுக்கு அலகு என்ன?’ என்று நம் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் கேட்கிறார்களே, அதே கேள்வி அங்கே உரிய நேரத்தில் எழவில்லை. ‘அடுத்த வெள்ளி’யும் அலகு இல்லாத எண் போன்றதுதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

‘கூட்டம் நெரியும் தீபாவளி நேரத்தில் ரங்கநாதன் தெருவில் நின்று இத்தனை கேள்வி கேட்டால் வியாபாரம் நடக்குமா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சொல்வது குறுக்கு விசாரணை அன்று. எது, எத்தனை, என்ன அளவு, எந்தத் தேதி, மாறினால் யாரிடம் சொல்வது என்று ஐந்தே கேள்விகள். அரை நிமிட வேலை. பிறகு கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் விமானிகூடத் தரையிலிருந்து வரும் முக்கிய உத்தரவுகளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால் யாருக்கும் மரியாதை குறைவதில்லை. கேள்வி ஆளைக் குறித்து எழுந்தால் சண்டை. பொருளைக் குறித்து எழுந்தால் தெளிவு.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். “புரிந்ததா?” என்று ஆசிரியர் கேட்கிறார். “புரிந்தது சார்” என்று அறுபது குரல்கள் எழுகின்றன. அதில் எத்தனை குரல் உண்மை என்பது நமக்குத் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும். நாளை நாம் நேர்முகத் தேர்வுக்குப் போவோம். ஏதேனும் ஓர் அலுவலகத்தில், கடையில், ஆலையில் வேலைக்குச் சேர்வோம். அங்கும் இதே குரலைத்தான் எடுத்துச் செல்லப் போகிறோமா? ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ‘புரிந்ததா?’ என்பதற்குப் பதிலாக ‘எந்த வரியில் நின்றுவிட்டது?’ என்று கேளுங்கள். சின்னக் கேள்வி ஒன்று பின்வரிசையிலிருந்து எழும்போது வகுப்பு சிரித்தால், அந்தச் சிரிப்பை நிறுத்துங்கள். அந்த வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவர்கள்.

இப்போது எங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்துக்கு மேலே, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அந்த ஐந்து கேள்விகளையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஐந்தும் மனப்பாடம். சென்ற மாதம் அதே கடையிலிருந்து தொலைபேசி வந்தது. இம்முறை அம்மாவே எடுத்துப் பேசினார். “வெள்ளின்னா எந்தத் தேதிங்க?” என்று கேட்டார். அந்தப் பக்கம் யாரும் கோபிக்கவில்லை, தேதியைச் சொன்னார்கள். எத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர்களே, பட்டம் வாங்கிய பின் கேட்கத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ‘சரிங்க சார்’ என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம். கேட்டுத் தெளிந்த பிறகு சொல்லும் ‘சரி’தான் உண்மையான சரி.