ஜாஸ் நமக்கு அந்நியமா?

ஜாஸ் என்றாலே சீமான்களின் சங்கீதம் என்று நம்மில் பலர் ஒதுங்குகிறோம். அதை வளர்த்தவர்களோ நியூ ஆர்லியன்ஸ் என்னும் அமெரிக்கத் துறைமுக நகரின் கறுப்பின உழைப்பாளிகள். அங்கே 1901-இல் பிறந்து, சிறுவயதில் நிலக்கரி வண்டியில் வேலை பார்த்த லூயி ஆம்ஸ்ட்ராங், டிரம்பெட்டால் உலகை வென்றார்.

அவ்வூரில் சவ ஊர்வலத்திற்கு வாத்தியக் குழு உண்டு. எங்கள் கல்மண்டபத்தில் சாவு வீட்டுக்குக் கானா உண்டு. இரண்டிலும் கலைஞன் அந்த நிமிடத்திலேயே கற்பனையை விரிக்கிறான்.

1958-இல் சென்னைக்கு வந்த டேவ் புரூபெக்கின் குழு மறு ஆண்டு பதிவு செய்த ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கைத் தாளம். கண்டசாப்பு அறிந்த செவிக்கு அது அந்நியமன்று.

ஜாஸையும் ஒரு காலத்தில் கூச்சல் என்றே ஏசினர். கானாவை இன்று அப்படி ஏசலாமா? நண்பர்களே, ஆம்ஸ்ட்ராங்கைக் கேளுங்கள். நம் கல்லூரி மேடையில் கானாவுக்கும் இடம் கேளுங்கள்!