குற்ற நாடகமும் நம் குழந்தைகளும்

"சுழல்" என்பதாக எட்டுப் பாகங்கள் கொண்ட ஒரு குற்றத் தொடர் நாடகம் 2022-ம் வருஷம் அமேசான் பிரைமில் வெளிவந்தது. தொலைக்காட்சியிலும் பார்க்கலாம், கைபேசியிலும் பார்க்கலாம். "இதைப் பிள்ளைகள் பார்க்கலாமா?" என்று திருப்பூர் பனியன் கம்பெனித் தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். தகப்பன் நைட் ஷிப்டுக்கும் தாய் செக்கிங் வேலைக்கும் போய்விட்டால், லைன் வீட்டில் பிள்ளைக்குத் துணை கைபேசிதான் என்றிருக்கும் ஊரில் இது அற்பக் கேள்வியல்ல.

சர்க்கார் 2021-ல் செய்த விதிகளின்படி, இத்தகைய நாடகங்களை எல்லோருக்கும், 7 வயதுக்கு மேல், 13-க்கு மேல், 16-க்கு மேல், வயது வந்தோருக்கு மட்டும் என ஐந்து வகையாய்ப் பிரித்துக் காட்டவேண்டும். ஆனால் சினிமாவுக்குள்ள தணிக்கைக் குழு இதற்கில்லை; வெளியிடுகிறவனே முத்திரை குத்திக்கொள்ளுகிறான். செக்கிங் மேசையில் லேபிளைப் பார்த்தா பீஸைப் பாஸ் செய்கிறோம்? துணியை விரித்து ஓட்டை இருக்கிறதா என்றல்லவா பார்க்கிறோம்! இதையும் அப்படியே விரித்துப் பார்ப்போம்.

ஒரு மலையூரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. அச்சமயத்தில் சிமிட்டி ஆலை எரிகிறது. தொழிற்சங்கத் தலைவரின் 15 வயது மகள் காணாமற்போகிறாள். ஊரார் ஆளுக்கொருவனைச் சந்தேகிக்கிறார்கள். முடிவில் பார்த்தால் குற்றவாளி வெளியாளல்ல. அவள் வீட்டு நெருங்கிய உறவுக்காரனே.

"ஐயோ, கொலையும் ரத்தமும் வருகிறதே, பிள்ளை கெட்டுவிடுமே" என்பார் சிலர். இவர்களே இரணியன் குடலை உருவும் காட்சியைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்தியோடு பார்க்கிறவர்கள்! அந்த ரத்தம் மட்டும் பன்னீரா? அளவுகோல் ஒன்றாயிருக்கட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

சிறு பிள்ளைகளுக்கு இந்நாடகம் ஆகாது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பயம்தான் மிஞ்சும், புத்தி சேராது. மற்றொரு குறையும் உண்டு. முடிவில் மூத்த மகளே அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறாள். 2025-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் சிறையிலிருக்கிறாள். கெட்டவனுக்குத் துப்பாக்கிதான் பரிகாரம் என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் அது பெருந்தீங்கு. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டம் இருக்கிறது. 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. குற்றம் தெரிந்தும் புகார் செய்யாதிருப்பது அச்சட்டப்படி குற்றமாகும்.

நிற்க, வளர்ந்த பிள்ளைகளின் விஷயம் வேறு. 2007-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஆராய்ச்சியில், 13 மாநிலங்களில் விசாரிக்கப்பட்ட 12,447 குழந்தைகளில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ஏதோவொரு விதப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள், நம்பப்பட்டவர்கள். இந்த உண்மையை நம் வீடுகளில் யார் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம்? "மாமா கூப்பிட்டால் போ, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்றல்லவா சொல்லுகிறோம்! கைபேசிக்குப் பூட்டுப் போடத் தெரியாத நாம் குழந்தையின் வாய்க்கு மாத்திரம் நன்றாய்ப் பூட்டுப் போட்டிருக்கிறோம்.

ஆகவே தோழர்களே, முதலில் நீங்கள் பாருங்கள். 16 வயதான மகனோடும் மகளோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் எழுந்து போய்விடாமல், "உனக்கு இப்படி யாராவது செய்தால் என்னிடம் சொல்லுவாயா?" என்று கேளுங்கள். பார்க்க முடியாத சின்னக் குழந்தையிடம், நாடகமில்லாமலே அதைக் கேளுங்கள். அது "சொல்லுவேன்" என்று சொல்லத் தயங்குமானால், குறை நாடகத்தில் இல்லை, நம் வீட்டில்தான் இருக்கிறது என்று உணர்ந்து அதைத் திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.