மருந்தின் பெயரைக் கேட்டு வையுங்கள்

குழந்தையின் உடம்பில் எது புறப்பட்டாலும் அம்மை என்று வேப்பிலை தேடியது ஒரு தலைமுறை. மருந்துக் கடையில் போய், "பாயி சாப், பச்சே கே லியே தவாயி தேனா" என்று கையை நீட்டுவது அடுத்த தலைமுறை. இங்கே தில்லியில் நம் வீடுகளில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது என்பது என் கட்சி. வேப்பிலை யாருக்கும் தடிப்பை உண்டாக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் காலனியில் மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு மூக்கின் கீழே சிரங்கு. தேன் உறைந்தாற்போல் மஞ்சள் பொருக்கு. ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாக்களின் வேலை இது. நாலைந்து புண் என்றால் மருத்துவர் தரும் களிம்பிலேயே அடங்கிவிடக் கூடியது. வீட்டார் கடைக்காரர் கொடுத்த சிரப்பை ஊற்றினார்கள். எட்டாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்புகள். சிரங்கு பரவிவிட்டது என்று எண்ணி, அதே சிரப்பை அளவு கூட்டிக் கொடுத்தார்கள்!

சிரங்கு ஓரிடத்தில் தொடங்கிக் கை பட்ட இடமெல்லாம் ஒட்டும். மருந்துத் தடிப்போ பெரும்பாலும் மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாட்களுக்குள், நடு உடம்பில் ஆரம்பித்து, இருபுறமும் ஒரே சீராகப் பரவும். முன்னதற்கு மருந்து வேண்டும். பின்னதற்கு மருந்தை நிறுத்த வேண்டும். இரண்டும் ஒரே குழந்தையின் மேல் இருந்தால் மருத்துவர்தான் என்ன செய்வார்? "என்ன மருந்து, எந்தத் தேதியிலிருந்து?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பாட்டில் குப்பைக்குப் போயிருந்தது. பில் வாங்கவில்லை. "ரோஸ் கலர், ஆரஞ்சு வாசனை" என்றாள் தாய். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வாழ்நாளெல்லாம் எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தடிப்போடு கண்ணும் வாயும் புண்ணானாலோ, தோல் கொப்பளித்து உரிந்தாலோ, முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

ஆண்டிபயாடிக் மருந்தைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். 2014 மார்ச் முதல் சிலவற்றுக்குக் கடையில் தனிப் பதிவேடே வைக்க வேண்டும். சட்டம் அலமாரியில் இருக்கிறது, சிரப் கவுண்டரில் கிடைக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டாக்டர் ஃபீஸை மிச்சம் பிடிப்பவர்கள் நாம்தானே?

மருந்தால் தீங்கு நேர்ந்தால் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நாமே தெரிவிக்கலாம்.

ஊரிலிருந்து பாட்டி கொண்டுவரும் மருந்துக்கும் இங்கே வாங்குவதற்கும் கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும்; உள்ளே இருப்பது ஒரே சரக்காக இருக்கலாம். ஆகவே பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, லேபிளில் இருக்கும் மூலப்பெயரைத் தேதியோடு குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் குறித்து வையுங்கள். நம் சங்கத்தின் அடுத்த மருத்துவ முகாமில் இதற்கென்றே ஓர் அட்டை அச்சடித்துக் கொடுத்தால் என்ன? செலவில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன்.