கை வேகமா? வழி வேகமா?

"பதறாத காரியம் சிதறாது" – பழமொழி



இந்தச் சுவரிதழில் மழைநீர், பிளாஸ்டிக், நேரம் தவறாமை என்று எல்லாரும் எழுதியாச்சு. நான் எழுதப் போவது அடுக்குவதைப் பற்றி. "அடுக்குறதுல எழுத என்ன இருக்கு?" என்று சிரிக்காதீங்க. போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பள்ளி நூலக அறைக்கு வெள்ளை அடித்தார்கள் இல்லையா? அப்போது எல்லாப் புத்தகங்களின் அட்டைகளையும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். மொத்தம் 480 அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு எண். "திங்கட்கிழமைக்குள் இதை எண் வரிசையில் அடுக்கிக் கொடும்மா" என்று நூலக சார் என்னிடம் சொன்னார். நான் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். விட்டால் போதும் என்று பெருமையோடு தலையாட்டினேன். துணைக்கு என் தோழிகள் இரண்டு பேர், ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன்.

அட்டைகள் எட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வந்தன. ஒரு பீரோவுக்கு ஒரு கட்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லா ரப்பர் பேண்டையும் கழற்றி, 480-ஐயும் மேஜை மேல் ஒரே குவியலாகக் கொட்டினேன்! அப்புறம் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, தரையில் நீளமாக ஒரு வரிசை போட ஆரம்பித்தோம். புது அட்டை வந்தால் வரிசை நெடுக நடந்து, அதன் இடத்தைக் கண்டுபிடித்து, மற்றதைத் தள்ளி வைத்து, நடுவில் செருக வேண்டும். முதல் ஐம்பது அட்டை வரை விளையாட்டு மாதிரி இருந்தது. நூறு தாண்டியதும் முதுகு உடைந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை 200 கூட முடியவில்லை. தம்பி வேறு நாலைந்து அட்டைகளை இடம் மாற்றி வைத்துவிட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் கைக்கு வேகமே கிடையாதா? நாளைக்கு நீ வராதே" என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனான்.

அப்பா சொன்ன வழி

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். அப்பா தினமும் காலையில் நம் ஊர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, காக்களூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். போல்ட், நட்டு எல்லாம் அளவு வாரியாகப் பிரிக்கும் இடத்தில் பல வருஷம் இருந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு அட்டையை எத்தனை தடவை கையில எடுக்கறீங்க?" எண்ணிப் பார்க்கவே முடியாது என்றேன். "அங்கதான் நேரம் போகுது. நாங்க முதல்ல பெரிய அளவுக்கு ஒரு தட்டு, நடு அளவுக்கு ஒரு தட்டு, சின்னதுக்கு ஒரு தட்டுன்னு பிரிச்சுடுவோம். அப்புறம் ஒவ்வொரு தட்டையும் தனியா பார்ப்போம். ஆளை வேகப்படுத்தாதே, வேலையைப் பிரி" என்றார்.

சனிக்கிழமை அப்படியே செய்தோம். 1 முதல் 99 வரை ஒரு தட்டு, 100-இல் தொடங்குவது ஒரு தட்டு, 200, 300, 400 என்று மொத்தம் ஐந்து தட்டு. பிறகு ஒவ்வொரு தட்டிலும் பத்துப் பத்தாகப் பிரித்தோம். கடைசியில் கையில் பத்துப் பத்து அட்டைதான். அதை அடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றரை மணி நேரத்தில் 480-உம் முடிந்தது! அதே கைகள், அதே அட்டைகள். இத்தனைக்கும் ஒரு ஆள் குறைவு!

நம் தபால்காரர் கொண்டுவரும் கடிதங்களிலும் இதே வழிதான் இருக்கிறது. நம் ஊர் பின்கோடு 631210. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த ஏற்பாடு இது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் உள்ள தெற்கு மண்டலம். முதல் மூன்று எண்கள் கடிதம் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்கு என்று சொல்லும். கடைசி மூன்று எண்கள் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். ஒரு கடிதத்தை இன்னொரு கடிதத்தோடு ஒப்பிட வேண்டிய வேலையே இல்லை. எண்ணைப் பார், அறையில் போடு, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பாடத்தில் இதற்கு 'ரேடிக்ஸ் சார்ட்' என்று பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் வழி தெரிந்திருக்கிறது!

புத்தகத்தில் இருப்பதும் இல்லாததும்

எங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் அடுக்குவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. குமிழி வரிசையாக்கம்: பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டை ஒப்பிட்டு, தப்பாக இருந்தால் இடம் மாற்றுவது. தேர்ந்தெடுப்பு வரிசையாக்கம்: இருப்பதிலேயே சின்னதைத் தேடித் தேடி முன்னால் வைப்பது. செருகும் வரிசையாக்கம்: ஒவ்வொன்றாக எடுத்து அதன் இடத்தில் செருகுவது. நான் தரையில் செய்தேனே, அதேதான்!

இந்த மூன்றும் புரிந்துகொள்ளச் சுலபம். ஆனால் மூன்றுக்கும் ஒரு பொதுவான குறை உண்டு. அட்டை இரண்டு மடங்கானால் வேலை நாலு மடங்காகும். பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகும். அதனால்தான் ஐம்பது அட்டை வரை சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் இருநூறில் அழுதோம்.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் 'மெர்ஜ் சார்ட்', அதாவது இணைத்து அடுக்குவது. 1945-இல் ஜான் வான் நியூமன் என்ற கணித மேதை இதை எழுதினார். கம்ப்யூட்டர் மிஸ் எனக்கு எட்டுத் துண்டுச் சீட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நீங்களும் செய்து பாருங்கள்.

சீட்டுகள்: 7, 3, 8, 1, 6, 2, 5, 4

இரண்டு இரண்டாகச் சரிசெய்யுங்கள்: 3-7, 1-8, 2-6, 4-5

இரண்டு ஜோடியை ஒன்றாக்குங்கள்: 1-3-7-8, 2-4-5-6

கடைசியாக இரண்டையும் இணையுங்கள்: 1-2-3-4-5-6-7-8

இணைக்கும்போது இரண்டு வரிசையின் தலையில் இருக்கும் சீட்டை மட்டும் பார்த்தால் போதும். எது சின்னதோ அதை எடு. உள்ளே இருப்பதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 16 ஒப்பீடு. குமிழி முறையில் 28.

"பன்னிரண்டுதானே வித்தியாசம், இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பீர்கள். 480 அட்டைக்குக் கணக்குப் போட்டேன். குமிழி முறையில் 1,14,960 ஒப்பீடு. மெர்ஜ் முறையில் 4,000-க்கு உள்ளேயே முடிந்துவிடும். ஒரு ஒப்பீட்டுக்கு இரண்டு வினாடி என்று ஒரே ஆள் உட்கார்ந்தால், முதல் வழிக்குக் கிட்டத்தட்ட 64 மணி நேரம். இரண்டாவது வழிக்கு அதிகம் போனால் இரண்டே கால் மணி நேரம்!

இதைச் சொன்னதும் என் தோழி ஒருத்தி, "கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு செகண்டுடி, ஏன் மண்டையை உடைச்சுக்கற?" என்றாள். அவளுக்கு என் பதில் இதுதான். கம்ப்யூட்டரும் யாரோ ஒருவர் சொன்ன வழியில்தான் அடுக்குகிறது. பத்து லட்சம் பெயர்களைக் குமிழி முறையில் கொடுத்தால் சுமார் 50,000 கோடி ஒப்பீடு. வினாடிக்கு ஒரு கோடி ஒப்பீடு செய்யும் கம்ப்யூட்டருக்கும் 14 மணி நேரம் ஆகும். மெர்ஜ் முறையில் சுமார் 2 கோடிதான். இரண்டே வினாடி! நம் லேபில் இருப்பது பழைய கம்ப்யூட்டர் என்று எத்தனை தடவை குறை சொல்லியிருக்கிறோம்? நல்ல வழி தெரிந்த பழைய கம்ப்யூட்டர், மோசமான வழியில் ஓடும் புதுக் கம்ப்யூட்டரைத் தோற்கடித்துவிடும்.

தம்பி சொன்னது

இனி நான் வெட்கப்படும் விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை அந்தத் தம்பியைத் தேடிப் போய், "ஸாரிடா, கோபத்துல பேசிட்டேன். உன் கை மேல தப்பில்லை, நான் சொன்ன வழிதான் தப்பு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, "அக்கா, கட்டுக்குள்ள எல்லாம் வரிசையாத்தான் இருந்துச்சு. கழட்டாதீங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் சும்மா இருடான்னு சொல்லிட்டீங்க" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், சொன்னான்! என் காதில்தான் விழவில்லை. ஒவ்வொரு பீரோவின் அட்டையும் முன்பே எண் வரிசையில்தான் கட்டியிருந்தது. எட்டுக் கட்டை இரண்டு இரண்டாக இணைத்திருந்தால் மூன்றே சுற்று. 1,440 ஒப்பீட்டுக்குள் முடிந்திருக்கும். ஒருவர் உட்கார்ந்தாலே முக்கால் மணி நேர வேலை. இருந்த ஒழுங்கை நானே கலைத்துவிட்டு, ஒழுங்கு இல்லையே என்று ஒரு சின்னப் பையனைத் திட்டியிருக்கிறேன்.

நாங்கள் படிக்கும் பைத்தான் மொழிக்கு 2002-இல் டிம் பீட்டர்ஸ் என்பவர் ஒரு அடுக்கும் முறை எழுதினார். அதற்கு 'டிம்சார்ட்' என்று பெயர். அது முதலில் என்ன செய்யும் தெரியுமா? வந்த பட்டியலில் ஏற்கனவே வரிசையாக இருக்கும் பகுதிகள் எவை என்று தேடும். அவற்றைக் கலைக்காமல் அப்படியே எடுத்து இணைக்கும். பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் நம்பிய அந்த யோசனை, நம் ஏழாம் வகுப்புத் தம்பியின் யோசனைதான்!

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் இந்த அருமை தெரிந்திருக்கிறது. 1905-இல் திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகள் மொத்தம் 31. நம் கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, சோழ முத்திரை வைத்திருந்தார்கள். வளையத்தை அறுக்காமல் ஒரு ஏட்டைக்கூட இடம் மாற்ற முடியாது. அவர்கள் முத்திரை வைத்துக் காத்தார்கள். நான் ரப்பர் பேண்டைக்கூட விட்டு வைக்கவில்லை!

என் கருத்து

ஒன்று. கணினி வகுப்பில் வரிசையாக்கத்தை ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்வதை விடுவோம். துண்டுச் சீட்டு வைத்துக் கையால் அடுக்கி, ஒப்பீட்டை எண்ணிப் பார்ப்போம். புத்தகத்தில் இருக்கும் மூன்றோடு மெர்ஜ் முறையையும் ஒரு நாள் செய்து பார்க்கலாம் என்று மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன். தேர்வுக்கு வராதுதான். வாழ்க்கைக்கு வரும்.

இரண்டு. எந்த வேலையாக இருந்தாலும், கலைப்பதற்கு முன்னால் உள்ளே ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்போம்.

மூன்று. இதுதான் முக்கியம். நாளைக்கு நம்மில் பலர் காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஏதோ ஒரு கம்பெனியில் வேலைக்குப் போவோம். சிலர் பத்துப் பேரை வேலை வாங்கும் இடத்திலும் இருப்போம். அப்போது வேலை முடியவில்லை என்றால் "கை ஏன் மெதுவாக இருக்கிறது?" என்று கேட்பதற்கு முன்னால், "நான் சொன்ன வழி சரியா?" என்று கேட்டுக்கொள்வோம். மெதுவான வழியைக் கொடுத்துவிட்டு வேகமான கையைக் கேட்பது நியாயமே இல்லை. அதோடு, கூட்டத்திலேயே சின்னவர் ஏதாவது சொன்னால் ஒரு நிமிஷம் காது கொடுப்போம்.

நூலக அட்டைகள் இப்போது பத்துப் பத்தாகக் கட்டி இருக்கின்றன. கட்டும் வேலையைத் தம்பிதான் செய்தான். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டி, "கழற்றினால் அதே வரிசையில் திரும்பக் கட்டவும்" என்று அவன் கையாலேயே எழுதியிருக்கிறான். நூலகம் போகும்போது பாருங்கள்!

சிந்திக்க ஒரு புதிர்: நாலு சீட்டுகளை, அவை எப்படிக் கலைந்திருந்தாலும், ஐந்தே ஒப்பீட்டுக்குள் அடுக்க முடியுமா? விடையை எழுதி இந்தச் சுவரிதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி
திருவாலங்காடு