சுண்ணாம்புக்கு ஒரு வழித்துணை

வீட்டுப் பாட்டியம்மாள் இடறி விழுந்து கை எலும்பு முறிந்தால், "சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை" என்கிறார் வைத்தியர். தினந்தோறும் கீரையும் கேழ்வரகுமாக உண்டவருக்கா என்று நாம் திகைக்கிறோம்.

இலையில் விழுந்ததெல்லாம் எலும்பில் சேர்வதில்லை என்பதே சங்கதி. பாலக் கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்பை இறுகப் பற்றிக்கொள்வதால், நூற்றில் 5 பங்குதான் உடம்பில் ஏறுகிறது. கேழ்வரகு அவ்வளவு மோசமில்லை; ஆயினும் அதிலும் பைட்டிக் அமிலம் என்றொரு கருமி உண்டு. பாலிலிருந்தோ ஏறக்குறைய 30 பங்கு ஏறுகிறது.

பாலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? சிறுகுடலின் பின்பகுதியில் சுண்ணாம்பு பாஸ்பேட்டுடன் கூடிப் படிந்துவிடப் பார்க்கும். பாலிலுள்ள கேஸீன் என்னும் புரதம் ஜீரணமாகையில் பெப்டைடு என்ற சிறு துண்டுகளாக உடைகிறது. பாஸ்பரஸ் தாங்கிய சில துண்டுகள் சுண்ணாம்பைப் படியவிடாமல், கரைந்த நிலையிலேயே வைத்துக் காக்கின்றன. ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளுக்கு, வைட்டமின் டி இன்றியே இவை எலும்பில் சுண்ணாம்பு சேர உதவுவதாக ஸ்வீடன் தேசத்து மெல்லாண்டர் 1950-ல் எழுதினார்.

பிறகு இத்துண்டுகளைத் தனியே பிரித்துப் பானங்களிலும் மாத்திரைகளிலும் சேர்க்கலானார்கள். மனிதரிடம் நடந்த சோதனைகளோ ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை. ஆகவே விலையுயர்ந்த டப்பாக்களைக் கண்டு நேயர்கள் மயங்க வேண்டாமென்பது நம் அபிப்பிராயம். ஒரு கிண்ணம் தயிரிலும் அதே கேஸீன்தான் இருக்கிறது. அதை உடைக்கும் வேலையை நம் குடல் கூலி கேளாமலே செய்கிறது.