கம்பளத்துக்கு முன் தரையைக் கவனிப்போம்

 

ரமழான் நெருங்கும்போது பள்ளிவாசல்களில் புதிய கம்பளம் விரிக்கும் பேச்சு எழுகிறது. நன்கொடையும் விரைவில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் கம்பளத்தின் கீழுள்ள தரையைப் பற்றி நாம் அரிதாகவே பேசுகிறோம். பழைய கூடத்தோடு புதிய கூடத்தை இணைத்துக் கட்டிய பள்ளிகளில், இரண்டும் சேருமிடத்தில் சிறிய மேடு இருப்பதுண்டு. "கனமான கம்பளம் போட்டால் மறைந்துவிடும்" என்பதே அதற்கு வழக்கமான பதில்.

மறைவதில்தான் ஆபத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மேட்டை முதியவர் பார்த்துக் கடப்பார். மறைந்திருக்கும் மேட்டில் அவர் கால் இடறும். நாற்காலியில் அமர்ந்து தொழுபவரின் இருக்கை ஆடும். அம்மேட்டின் மேல் கம்பளமும் முதலில் தேயும்.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குத் தேர்ந்த நிலம் பனூ நஜ்ஜார் குலத்தாருடையது. அங்கே பழைய கப்றுகளும் இடிபாடுகளும் பேரீச்ச மரங்களும் இருந்தன. கப்றுகளைத் தோண்டி அகற்றவும், இடிபாடுகளைச் சமப்படுத்தவும், மரங்களை வெட்டவும் அண்ணலார் பணித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. கூரைக்கும் சுவருக்கும் முன்பே தரை சீராக்கப்பட்டது. பாதையிலுள்ள இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. தொழும் இடத்திலேயே இடையூறை மூடி வைப்பது நமக்குத் தகுமா?

செய்ய வேண்டியது பெரிய வேலையன்று. இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளிலும் வைத்துப் பார்க்கலாம். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். மேட்டை எந்திரத்தால் தேய்க்கலாம். பள்ளத்தைத் தரை சமப்படுத்தும் கலவையால் நிரப்பலாம். தட்டினால் வெற்றோசை எழும் கற்களைப் பெயர்த்து மீண்டும் பதிக்க வேண்டும். பின்னர் ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் தரையில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். அடியில் நீர் பூத்திருந்தால் தரை இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் விரித்த கம்பளம் நாற்றம் பிடிக்கும். ஆகவே இவ்வேலையை ரஜபிலேயே தொடங்குவது நலம்.

இதில் பொருளாதாரக் கேள்வியும் உண்டு. கம்பளத்துக்கென்று கொடுத்த பணத்தை, கொடுத்தவரின் சம்மதமின்றித் தரைக்குத் திருப்புவது முறையன்று. எனவே நிர்வாகிகள் நன்கொடை கேட்கும்போதே "தரைக்கும் கம்பளத்துக்கும்" என்று அறிவித்துவிட வேண்டும். கொடுப்போரும், தம் பணம் கண்ணுக்குத் தெரியாத கலவையாகிவிடுமே என்று தயங்க வேண்டியதில்லை. அதன் மேல் ஒரு முதியவர் இடறாமல் நடந்து ஸஃப்பில் சேர்வதை அல்லாஹ் அறிவான்.

நம் பள்ளிவாசல்களை எல்லோரும் அச்சமின்றித் தொழும் இடங்களாக அவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.