அறிவின் பாட்டும் என் பழைய நோட்டும்

போன வாரம் பேரன் செல்போனில் 'என்ஜாய் எஞ்சாமி' ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா, அறிவு இதெல்லாம் அமெரிக்கா ராப் கேட்டுத்தான் கத்துக்கிட்டாரு" என்றான். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள், அறிவொளி இயக்கத்தில் இருந்தவர்கள். தொண்ணூறுகளில் அந்த இயக்கத்துக்காக ராத்திரியில் ஊர் ஊராக அலைந்த எங்களுக்குத் தெரியும், அங்கே பாட்டு இல்லாமல் பாடம் கிடையாது. அரிக்கேன் விளக்கை வைத்து முதலில் ஒரு பாட்டு, அப்புறம்தான் 'அ'. சேதியைத் தாளத்தில் சொன்னால் மனதில் நிற்கும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளை கடல் தாண்டிப் போய்க் கற்க வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் பா.ரஞ்சித், டென்மா முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில். பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. அதில் ஒருவராக வந்தவர் அறிவு. 2019இல் ஓஃப்ரோவோடு 'தெருக்குரல்'. பிறகு சினிமா. 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' இவர் எழுதியது. (அந்தக் காலத்தில் எங்களை 'வாத்தி' என்றால் முட்டி போட வைப்போம். இப்போது அதுவே பெருமையாம்!)

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யின் வேர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக்கையில் எழுதியது. பெயர்கள் அதில் இல்லை. பேரன் பாட்டில் பாட்டிக்குப் பெயர் கிடைத்தது. என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

அப்படிப்பட்ட பாட்டிலேயே பெயர்ச் சண்டை வந்ததைப் பார்த்தோம். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது தான் என்று அவர் பதிவிட்டார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பை விளக்கினார். தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இவ்வளவு பெயர் வாங்கிய ஒருவரே தன் பெயருக்காக வாய் திறந்து பேச வேண்டியிருக்கிறது என்றால், பெயரே இல்லாதவர்கள் கதி என்ன?

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை குறைவு. பாகலூர் பக்கத்தில் எங்கள் ராத்திரி வகுப்புக்கு வந்த பெண்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். ராகிக் கொல்லையில் களையெடுக்கும்போது பாடும் பாட்டுகளை எனக்காகப் பாடிக் காட்டினார்கள். அவற்றைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பரணிலிருந்து அதை நேற்று எடுத்தேன். பதினோரு பாட்டு. தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது. கீழே 'சேகரித்தவர்' என்று என் பெயரும் அழகாக இருக்கிறது. பாடியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. கேட்க வேண்டும் என்றே அன்று தோன்றவில்லை, தோழர்களே. அவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்!

அந்தக் கொல்லைகளில் பாதி இன்று லேஅவுட். சில இடங்களில் ரோஜா பசுமைக்குடில். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களில் எவனாவது, எவளாவது நாளைக்குப் பாட்டுக் கட்டலாம்.

விசாரித்ததில் இரண்டு பாட்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, நோட்டில் எழுதிவிட்டேன். இன்னும் ஒன்பது இருக்கிறது. உங்கள் அம்மாவோ பாட்டியோ எங்கள் ராத்திரி வகுப்புக்கு வந்திருந்தால் சொல்லுங்கள். நோட்டோடு வீட்டுக்கே வருகிறேன்.